எத்தனை ஹெச்.பி. என்று கேட்காதீர்கள்

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினால் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை பவுண்டு சார்?" முப்பது என்றால் முப்பது. ஓரத்தில் பெல்ட் மெஷின் ஒன்று டப்டப்பென்று ஓடிக்கொண்டிருக்கும். பெயின்ட் உரிந்து, எந்தக் கம்பெனி மெஷின் என்பதே அழிந்திருக்கும். அது எத்தனை ஹெச்.பி., டேங்க் எத்தனை லிட்டர் என்று எந்த வாடிக்கையாளரும் விசாரிப்பதில்லை. டயருக்குக் காற்று வந்தால் சரி.

அதே ஆள் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கம்ப்ரஸர் வாங்கப் போகும்போது மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. "ரெண்டு ஹெச்.பி. எடுக்கலாமா, மூணா? டேங்க் இருபத்திநாலு லிட்டர் போதுமா, அம்பதா?" விற்பவரும் அந்த இரண்டு எண்களைச் சொல்லியே விற்கிறார். ஆறு மாதம் கழித்து மெஷின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். ஸ்பிரே கன் வாங்கினால் பெயின்ட் துப்புகிறது, சாண்டர் வாங்கினால் அரை நிமிஷத்தில் சோர்ந்துபோகிறது. பெரும்பாலும் மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது. வாங்கியவர் பார்த்த எண்தான் தப்பு.

பார்க்க வேண்டிய எண் சி.எஃப்.எம். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்ற கணக்கு. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அதில் மாட்டப்போகும் கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவற்றில் அதிகம் குடிப்பது எதுவோ, அதன் பசிக்குத்தான் மெஷின்.

பசியும் கருவிக்குக் கருவி ரொம்பவே மாறும். பொம்மைக்கும் மாடல் விமானத்துக்கும் வண்ணம் அடிக்கிற ஏர்பிரஷ் ஒரு சி.எஃப்.எம்.கூடக் குடிக்காது. பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றியே அதை ஓட்டுகிற ஆர்வலர்கள் உண்டு. மரத்தில் சின்ன ஆணி அடிக்கும் நெயிலருக்கு ஆணிக்கு ஒரு மிடறு போதும். வீல் நட் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச் நாலைந்து கேட்கும், அதுவும் விட்டுவிட்டு. ஸ்பிரே கன் என்றால் ரகத்தைப் பொறுத்து நாலிலிருந்து பதினாலு வரை போகும். பட்டி பூசிய இடத்தைத் தேய்க்கும் ஏர் சாண்டர் பத்துக்குக் குறையாது, நிறுத்தாமலும் குடிக்கும். பட்டறையின் பகாசுரன் அதுதான்.

"டேங்க் பெரிசா எடுத்துட்டா சமாளிச்சிடலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர் டேங்கில் (சதுர சென்டிமீட்டருக்கு) 8 கிலோ பிரஷர் ஏற்றி, 6 கிலோவுக்கு இறங்கும்வரை வேலை பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ இறங்க ஒரு டேங்க் அளவு காற்று என்ற கணக்கில் கையிருப்பு 100 லிட்டர் காற்று. பத்து சி.எஃப்.எம். சாண்டர் நிமிஷத்துக்கு 283 லிட்டர் கேட்கிறது. 21 விநாடியில் கதை முடிந்தது. கூடவே மெஷின் ஓடி நிமிஷத்துக்கு 140 லிட்டர் ஊட்டினாலும் 42 விநாடிதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மோட்டார் ஏற்றுகிற அளவைவிடக் குழாயில் திறந்துவிடுவது அதிகம் என்றால் தொட்டி காலியாகத்தான் செய்யும். விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு டேங்க் துணை. தொடர்ந்து நடக்கும் வேலைக்குப் பம்ப்தான் கதி.

ஆகவே வீட்டில் ஏர் சாண்டர் என்ற ஆசையை விட்டுவிடுவது உத்தமம். கரண்டில் ஓடும் ஆர்பிட்டல் சாண்டர் சில ஆயிரத்தில் கிடைக்கிறது. அதே வேலையைச் செய்கிறது. பகாசுரனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே வாங்க வேண்டிய மெஷினின் அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

கேட்லாக்கிலேயே சி.எஃப்.எம். போட்டிருக்குமே என்றால், போட்டிருக்கும். அடுத்த பள்ளம் அங்கேதான். 65 மில்லிமீட்டர் குறுக்களவும் 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் உள்ள இரண்டு சிலிண்டர், நிமிஷத்துக்கு 900 சுற்று என்று ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 300 லிட்டர், அதாவது 10.5 சி.எஃப்.எம். இது பிஸ்டன் இழுக்கிற அளவு. முழுசும் வெளியே வந்து சேராது. பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் ஹெட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அங்கே அமுங்கிக் கிடக்கும் காற்று, பிஸ்டன் இறங்கும்போது விரிந்து புதுக் காற்றுக்கு வழிவிடாமல் செய்யும். சூட்டில் ஒரு பங்கு போகும், வால்வில் ஒரு பங்கு கசியும். 7, 8 கிலோ பிரஷரில் கன்னுக்கு வந்து சேருவது சுமார் 7 சி.எஃப்.எம். இந்த இரண்டாவது எண்ணுக்கு எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி) என்று பெயர். விற்பவரிடம் கேட்க வேண்டியது அது, அதுவும் எந்தப் பிரஷரில் என்பதோடு சேர்த்து. வீடு ஊட்டியில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் காற்றே கால் பங்குக்குக் கிட்ட மெலிந்துவிடுகிறது.

ஹெச்.பி. என்ற எண்ணோ இதைவிட வழுக்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுக் கம்ப்ரஸர்களின் மேல் ஆறு ஹெச்.பி. என்று பெரிதாக எழுதி விற்றார்கள். ஆறு ஹெச்.பி. என்றால் கிட்டத்தட்ட 4,500 வாட். அந்த ஊர் வீட்டு பிளக்கோ 120 வோல்ட், 15 ஆம்பியர். அதிலிருந்து 1,800 வாட்டுக்கு மேல் உறிஞ்ச முடியாது. மோட்டார் கிளம்பும் கண்ணிமைப்பொழுதில் எட்டக்கூடிய உச்சத்தை நிரந்தர பலம்போல் அச்சடித்த வேலை அது. விவகாரம் கோர்ட்டு வரை போனது. நம் ஊரிலும் இதே கூட்டல் கழித்தல் உதவும். நல்ல பிஸ்டன் மெஷின் ஒரு நிஜ ஹெச்.பி.க்கு மூன்றரை, நாலு சி.எஃப்.எம். தரும். இரண்டு ஹெச்.பி. மெஷின் பன்னிரண்டு தரும் என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் பிஸ்டன் கணக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சத்தியத்தைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. கையில் இருக்கும் செல்போன் போதும். கடையிலேயே மெஷினை ஓடவிட்டு, கேஜ் முள் 6 கிலோவைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, 8 கிலோவைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 100 லிட்டர் டேங்க் என்றால் இந்த இடைவெளியில் 200 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒரு நிமிஷம் பிடித்தால் 200 லிட்டர், அதாவது 7 சி.எஃப்.எம். ஒன்றரை நிமிஷம் என்றால் ஐந்துக்கும் கீழே. ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது சத்தம். இன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல டைரக்ட் டிரைவ் மெஷின்கள். மோட்டாரின் தண்டிலேயே பம்ப் உட்கார்ந்திருக்கும், நிமிஷத்துக்கு 2,800 சுற்று. சின்ன உருவம், பெரிய கூச்சல். ஒரு பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம், இன்னொரு பக்கம் இந்த மெஷின் என்றால் அக்கம்பக்கத்தாரோடு உறவு நெடுநாள் நீடிக்காது. சைலன்ட் என்று விற்கும் எண்ணெய் இல்லாத ரகம் பாதி வேகத்தில் ஓடுவதால் பேசிக்கொண்டே வேலை பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் காற்று குறைவு. ரிங் தேய்ந்தால் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது சுலபம் என்ற நிலைக்கும் வந்துவிடும்.

பஞ்சர் கடை மெஷின் பெல்ட் டிரைவ். பெரிய புல்லி, ஆயிரத்தை ஒட்டிய சுற்று, ஆயில் ஊற்றிய பம்ப். கனமாக இருக்கும், இடத்தை அடைக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. கம்ப்ரஸர் நம் ஊர்ச் சரக்கு. 1960-ல் கோவையில் தொடங்கிய எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் ஆரம்பத்தில் செய்தவை பிஸ்டன் கம்ப்ரஸர்களும் கராஜ் சாமான்களும்தான். ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் மாற்றித் தரவும் மோட்டாருக்குக் காயில் கட்டவும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் சாய்வு எந்தப் பக்கம் என்று வாசகருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

பெல்ட் மெஷின் வாங்குவது என்றால் எலக்ட்ரீஷியனை முதலில் கூப்பிட வேண்டும். சிங்கிள் பேஸில் இரண்டு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை கண்சிமிட்டும். 16 ஆம்பியர் பிளக்கும், மெயினிலிருந்து தனி வயரும், மோட்டாருக்கென்று உள்ள சி ரக எம்.சி.பி.யும் போட்டுவிட்டால் தொல்லை இல்லை. மூன்று ஹெச்.பி. பதினைந்து ஆம்பியரை எட்டிவிடும், பிளக் தாங்குகிற விளிம்பு அது. அதற்கு மேல் த்ரீ பேஸ் இல்லாமல் யோசிக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுவது பெரிய தப்பு. நீள வயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் முனகி முனகிக் காயில் கருகிவிடும். தூரமாக வேலை பார்க்க வேண்டுமா? மெஷின் இருந்த இடத்தில் இருக்கட்டும், ஹோஸை நீட்டிக்கொள்ளலாம்.

கட்-ஆஃப் ஆகும்போது "புஸ்" என்று ஒரு மூச்சு விடும், அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள குழாயில் சிக்கிய காற்று வெளியேறும் சத்தம் அது. அது கேட்கவில்லை என்றால், அடுத்தமுறை மோட்டார் பாரத்தைச் சுமந்துகொண்டே கிளம்ப வேண்டியிருக்கும்.

இனி தண்ணீர். வாங்குபவர்கள் மறந்துபோகும் சங்கதி இது. சென்னைவாசிகள் மறக்கவே கூடாது. 30 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு காலைப்பொழுதில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 கிலோவுக்கு அமுக்கி ஆறவிட்டால், மூன்று நாலு கிராம்தான் ஆவியாகத் தங்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகிவிடும். 7 சி.எஃப்.எம். மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் 12 கன மீட்டர் காற்று. தண்ணீர் கால் லிட்டருக்குக் கிட்ட. வேலை முடிந்து டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்தால் டிகாஷன் நிறத்தில் சீறிக்கொண்டு வரும். அந்த நிறம் டேங்கின் உள்பக்கத் துரு. அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

டேங்கில் இறங்காத ஈரம் ஹோஸ் வழியாகக் கன்னுக்குப் போய், பைக் டேங்கில் அடித்த புதுப் பெயின்ட்டில் குழி குழியாகத் தெரியும். அதற்குத்தான் வாட்டர் டிராப். பலர் அதைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரமும் ஆவியாகவே தப்பிப் போய்விடும். ஐந்தாறு மீட்டர் ஹோஸ் கடந்து காற்று ஆறிய பிறகு மாட்டினால்தான் தண்ணீர் பிடிபடும்.

பாதுகாப்பு விஷயங்களில் தயவுதாட்சண்யம் கிடையாது. சுவரோரமாகக் காற்றுக்கு பி.வி.சி. பைப் இழுக்கக்கூடாது, உடைந்தால் அது சில்லுச் சில்லாகப் பறக்கும். பெயின்ட் அடிக்கும் அறைக்குள் மெஷினை வைக்கக்கூடாது. தின்னர் ஆவியும் பிரஷர் ஸ்விட்சின் பொறியும் ஓரிடத்தில் இருக்க வேண்டாம். ஹார்டனர் கலந்த பி.யு. பெயின்ட் அடிக்கக் கைக்குட்டை கட்டினால் போதாது. விளையாட்டுக்காகக்கூட ஒருவர் உடம்பின் மேல் காற்றை அடிக்கக்கூடாது. அந்த விளையாட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

கடைசியாக, யாருக்கு எது? டயருக்குக் காற்றடிப்பது மட்டும்தான் தேவை என்றால் கம்ப்ரஸரே வேண்டாம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் சின்ன இன்ஃபிளேட்டர் போதும். தூசி ஊதவும் ஆணி அடிக்கவும் எப்போதாவது நட் கழற்றவும் என்றால் 24 முதல் 50 லிட்டர் வரை உள்ள சைலன்ட் ரகம். பைக், கதவு, கிரில் என்று பெயின்ட் அடிக்கிறவர், நாளைக்கு இன்னொரு கருவியும் வாங்குவோம் என்று தன் மனசு தெரிந்தவர், நிஜ இரண்டு ஹெச்.பி. பெல்ட் மெஷினும் 100 லிட்டரை ஒட்டிய டேங்கும் எடுப்பது நல்லது. கூடவே குறைந்த காற்றில் வேலை செய்யும் எல்.வி.எல்.பி. கன் எடுத்தால் அந்த 7 சி.எஃப்.எம். தாராளம்.

பட்ஜெட் இடிக்கிறது என்று கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைக்கோ சென்னைப் புதுப்பேட்டைக்கோ போகிறவர்கள் உண்டு. போகலாம். பழைய பெல்ட் மெஷினில் மோட்டாரைக் காயில் கட்டலாம், பம்புக்கு ரிங் மாற்றலாம், இரண்டுக்கும் செலவு தெரிந்துவிடும். டேங்கை மட்டும் சாய்த்து, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். டிரெயின் வால்வைச் சுற்றித் துரு பொரிந்திருந்தாலோ, வெல்டு வைத்து அடைத்த தழும்பு கையில் தட்டுப்பட்டாலோ, சும்மா கொடுத்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.