கடிதம் வந்து சேர்ந்ததும் இணையம் ஏன் துண்டிக்கப்பட்டது?

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று; அந்நகரின் பாலிகஞ்ச் பகுதி வீடுகளுக்கு இணையம் முதலில் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. கணினியின் தகவலை ஒலியாகவும், ஒலியை மீண்டும் தகவலாகவும் மாற்றும் பெட்டியான மோடம், கீச்சென்ற இரைச்சலோடு மறுமுனையைப் பிடிக்கும்.

பிடித்த இணைப்பை விட்டது யார்? பெரும்பாலும் மின்னஞ்சல் மென்பொருளே. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அத்தகைய மென்பொருளின் இணைப்பு அமைப்பில், அஞ்சலை அனுப்பிப் பெற்றதும் தொடர்பைத் துண்டிக்கும் கட்டம் ஒன்று இருந்தது. அதில் குறியிட்டிருந்தால், பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, வீட்டார் வெளியே கிளம்புவதைப் பாராமல் வாசற்கதவைப் பூட்டிச் செல்வதுபோல், உலாவியில் பாதி திறந்த பக்கத்தையும் பொருட்படுத்தாமல் அது இணைப்பை அறுத்துவிடும். நிமிடக்கணக்கில் காசு கரைந்த காலத்தில் இது சிக்கனமே, ஆனால் முரட்டுச் சிக்கனம்.

குறியை நீக்கியும் அறுந்ததா? அப்படியானால் காரணம் பெரும்பாலும் டயல்-அப் எனப்பட்ட இந்தத் தொலைபேசிவழி இணைப்பின் அமைப்பிலிருந்த காத்திருப்பு நேரம்: குறித்த நிமிடங்கள் வரை கம்பியில் எதுவும் ஓடாவிட்டால் கணினியே தொடர்பை விட்டுவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அஞ்சல் பார்க்கும்படி வைத்தால், அந்தச் சிறு போக்குவரத்தே பெரும்பாலும் இணைப்பைத் தக்கவைக்கும்.

இணைப்பு அறும்வரை வீட்டுத் தொலைபேசி, அழைத்தவர் எவருக்கும் எங்கேஜ்டு ஒலியையே தந்தது.