விலையின் ஆசிரியன் யார்?

ராதாபுரம் பக்கத்து ஆட்களுக்கு விமானம் என்றால் வாகைகுளம், இல்லையென்றால் திருவனந்தபுரம். பொங்கலுக்கு முந்தின வாரம் சென்னை – வாகைகுளம் டிக்கெட்டுக்குக் காலையில் பார்த்த விலை மத்தியானம் இருக்காது. ‘எவன்வே இந்த வெலைய வச்சான்?’ என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர்லா வைக்கி’ என்கிறார்கள். ஆசிரியனின் மரணம் குறித்து நாம் சிறுபத்திரிகைகளில் விவாதித்தது இப்போது விலைச்சீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து எழுத்துக்குறி போட்டு வைக்கிறார்கள். முன்பதிவின் வேகம், மிச்சமிருக்கும் நாட்கள், எதிராளியின் விலை இவற்றைப் பார்த்து எந்தத் தட்டைத் திறக்கலாம், எதை அடைக்கலாம் என்று மென்பொருள் சொல்கிறது. இது மட்டுமே குற்றமில்லை. காலியாகப் பறக்கவிருந்த சீட்டு மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான்.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தேடுவது ‘உடன்பாட்டை’. அது எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, கூடிச் செயல்பட்டாலே போதும். ஆனால் கூடுவதற்கு இரண்டு பேராவது வேண்டுமே. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். நம் காதில் விழாது, என்றாலும் அங்கே இரண்டு கைகள் உண்டு. ஒரு கம்பெனியின் மென்பொருள் இன்னொன்றின் விலையைப் பார்த்துத் தானும் ஏற்றும்போது துண்டும் இல்லை, கையும் இல்லை.

அமெரிக்காவில் ஒருமுறை துண்டு அகப்பட்டது. கட்டணங்களைத் தொகுத்து வெளியிடும் பொது நிறுவனத்தின் கணினியில் ‘இன்ன தேதியிலிருந்து இன்ன கட்டணம்’ என்று முன்னறிவித்தும் அடிக்குறிப்புகள் சேர்த்தும் விமானக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன என்று 1992இல் அந்நாட்டு நீதித்துறை 8 கம்பெனிகள்மீது வழக்குப் போட்டது. 1994இல் அது சமரசத்தில் முடிந்தது. கட்டண அட்டவணையை ஒரு சொல்லாடலாக வாசித்த வழக்கு என்று இதைச் சொல்வேன்.

இங்கே 2016 பிப்ரவரியில் ஹரியானா ஜாட் கிளர்ச்சியின்போது கட்டணம் எகிறிய புகாரும் போட்டி ஆணையத்துக்குப் போனது. விமானக் கட்டண வழக்குகளை, கூட்டுக்குச் சான்றில்லை என்று ஆணையம் 2021இல் முடித்துவைத்தது. மென்பொருள் பரிந்துரைக்கத்தான் செய்கிறது, கடைசி முடிவு வருவாய்ப் பிரிவு ஊழியருடையது என்பது அங்கே எடுபட்ட வாதம். பயணியிடம் மனிதன் இல்லை, ஆணையத்திடம் மனிதன் உண்டு! ஓலா – ஊபர் வழக்கிலும் ஓட்டுநர்களுக்கிடையே உடன்பாடில்லை என்று ஆணையம் 2018இல் சொன்னதை 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது, 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500 என்று அமைச்சகம் உச்சவரம்பு கட்டியது. அது நெருக்கடிக்குப் போட்ட கட்டு. போட்டிச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆணையம் கேட்க வேண்டியது வேறு. மென்பொருளுக்கு எந்தெந்தத் தரவு தீனியாகப் போகிறது? போட்டியாளர்கள் ஒரே விற்பனையாளரின் மென்பொருளை வைத்திருக்கிறார்களா? பொங்கலுக்கு முன்னால் வாகைகுளம் தடத்தில் எந்தத் தட்டு எத்தனை மணிக்கு அடைபட்டது, பரிந்துரையை ஊழியர் எத்தனை தடவை மறுத்தார்? ஒரு தடவைகூட மறுக்கவில்லையென்றால், 2021இல் நம்பிய அந்த மனிதனை ஆணையம் மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம்.