மருந்துச் சீட்டும் மறுபரிசீலனையும்

பெரிய ஆஸ்பத்திரிகளில் நடைபெறும் அபூர்வமான அறுவைச் சிகிச்சைகளைப் பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதுகின்றன. ஜனங்களும் அவற்றை ஆவலுடன் படிக்கின்றனர். ஆனால், தெருக்கோடியில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர், வாசலில் காத்திருக்கும் கூட்டத்தினிடையே சில நிமிஷங்களில் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டே நம்மில் பெரும்பாலோருடைய ஆரோக்கியத்தை ஆண்டுக்கணக்கில் நிர்ணயித்து வருகிறது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. சீட்டை எழுதி முடித்ததும் தம் கடமை முடிந்துவிட்டதென்று மருத்துவரும், மாத்திரையை வாங்கியதும் தம் பொறுப்பு தீர்ந்ததென்று நோயாளியும் கருதிவிடுவதிலிருந்தே அநேக ஆபத்துக்கள் தொடங்குகின்றன.

உலக சுகாதார ஸ்தாபனம் 1994-ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர்களுக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டது. நெதர்லாந்து தேசத்துக் குரோனிங்கன் சர்வகலாசாலையின் போதனை அனுபவத்திலிருந்து பிறந்த அந்நூல், மருந்தெழுதும் காரியத்தை ஆறு படிகளாகப் பிரித்துக் கூறுகிறது. நோயாளியின் பிரச்சினை இன்னதென்று நிச்சயிப்பது, சிகிச்சையின் லட்சியத்தைத் தெளிவாக்கிக் கொள்வது, உத்தேசித்த மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று ஆராய்வது, சிகிச்சையைத் தொடங்குவது, மருந்தைப் பற்றிய விவரங்களையும் எச்சரிக்கைகளையும் எடுத்துச் சொல்வது, பலனைக் கண்காணித்து வேண்டுமானால் மருந்தை நிறுத்துவது என்பனவே அவை. இவற்றுள் நடுவிலுள்ள நான்காவது படியை மட்டுமே நாம் வைத்தியம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நோயாளிக்குத் தீங்கு நேரும்பொழுது, பெரும்பாலும் மற்ற ஐந்தில் ஏதேனும் ஒன்று விடுபட்டிருக்கும். விடுபடுவதற்கு மிகவும் எளிதானது கடைசிப் படி.

எழுபது வயது நிரம்பிய ஒரு மூதாட்டியை எண்ணிக் கொள்வோம். ரத்த அழுத்தத்திற்காக அவர் எனாலப்ரிலும் அம்லோடிபினும் உட்கொண்டு வருகிறார். சில வாரங்களில் கணுக்காலில் வீக்கம் காண்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களை அம்லோடிபின் விரியச் செய்வதால் உண்டாகும் வீக்கம் அது. மருந்தின் அளவைக் குறைத்தாலோ, வேறு மருந்துக்கு மாற்றினாலோ தணிந்துவிடும். அதனைப் புதியதொரு வியாதியென்று கருதி, நீர் பிரிவதற்காக ஃப்ரூஸ்மைடு மாத்திரை எழுதப்படுகிறது. அம்மாத்திரையோ ரத்தத்தில் யூரிக் அமிலத்தை உயர்த்தும் இயல்புடையது; ஆகவே, சில மாதங்கள் சென்றபின் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, இரவில் கண் மூடவொட்டாமல் வலிக்கிறது. அந்த வலிக்கு, முந்தைய சீட்டுக்களைக் காணாத வேறொரு மருத்துவர் டைக்ளோபினாக் எழுதுகிறார். எனாலப்ரில், ஃப்ரூஸ்மைடு, டைக்ளோபினாக் ஆகிய மூன்றும் ஒரே சரீரத்தில் சேரும்பொழுது சிறுநீரகத்தின் வேலை தடுமாறத் தொடங்குகிறது; கோடைகாலத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்குக் கண்டு உடலில் நீர் வற்றினால், அது செயலிழந்துபோகவும் கூடும்.

இந்தச் சீட்டுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பெரும்பிழை எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. எல்லாவற்றையும் ஒருசேர மேஜைமீது பரப்பி, எந்த மருந்து எதற்காக எப்பொழுது வந்தது என்று விசாரித்தால்தான், முதல் மருந்தின் விளைவே இரண்டாவது மருந்தை அழைத்து வந்தது என்னும் உண்மை விளங்கும். ரோஷன், குர்விட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் முதியோரிடம் நிகழும் இந்தத் தொடர்வினையை 1997-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சஞ்சிகையில் விளக்கி எழுதினர். முதியவர் ஒருவருக்குப் புதிய உபாதை தோன்றும்போதெல்லாம், இது அவர் சாப்பிடும் மருந்தினால் வந்ததாயிருக்குமோ என்று முதலில் சந்தேகிப்பதே மருத்துவருக்கு அழகு.

மருந்து சரியானதாக இருந்தும், எடுத்துச் சொல்லும் முறையால் விபரீதம் விளைவதும் உண்டு. முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தினந்தோறும் மாத்திரை விழுங்கிப் பழகிய ஒருவர் இதையும் தினமும் உட்கொண்டால், எலும்பு மஜ்ஜை நலிந்து, வாய் முழுவதும் புண்ணாகி, ஜுரமும் ரத்தக் கசிவும் கண்டு, உயிருக்கே மோசம் வரலாம். ஆகையால், அனுபவம் மிக்க மருத்துவர்கள் “வாரம் ஒரு முறை” என்பதோடு நிற்காமல், “செவ்வாய்க்கிழமை மட்டும்” என்று கிழமையையும் சீட்டில் எழுதி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்து, ரத்தப் பரிசோதனைக்குத் திரும்ப வரவேண்டிய தேதியையும் குறித்துக் கொடுக்கின்றனர். இதே நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்றென்று கோ-ட்ரைமாக்ஸசோல் கொடுத்தால், இரு மருந்துகளும் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பவையாதலால், அபாயம் பன்மடங்காகும். முன்பே என்ன சாப்பிடுகிறார் என்ற ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றிவிடும்.

இத்தகைய பிழைகள் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியவை அல்ல. நோயாளியின் சரித்திரம் முழுவதும் கம்ப்யூட்டரில் பதிவாகும் இங்கிலாந்தில், 15 பொது மருத்துவ நிலையங்களில் எழுதப்பட்ட 6,048 மருந்துகளைப் பேராசிரியர் டோனி அவெரியின் குழுவினர் பரிசீலித்தனர். ஏறக்குறைய இருபதில் ஒன்றில், எழுதுவதிலோ கண்காணிப்பதிலோ பிழை இருந்ததென்றும், சுமார் 550-இல் ஒன்றில் அப்பிழை கடுமையானதென்றும் 2012-ஆம் ஆண்டில் வெளியான அந்த அறிக்கை கூறியது. அதே ஆண்டில் லான்செட் சஞ்சிகையில், 72 மருத்துவ நிலையங்களில் நடைபெற்ற மற்றொரு பரிசோதனையின் முடிவும் வெளியாயிற்று. வயிற்றுப்புண் வந்திருந்தும் பாதுகாப்பு மருந்தின்றி வலிநிவாரணி உட்கொள்பவர், ஆஸ்துமா இருந்தும் பீட்டா பிளாக்கர் பெறுபவர், ரத்தப் பரிசோதனையின்றி நெடுங்காலம் சிலவகை அழுத்த மருந்துகளைச் சாப்பிடும் முதியவர் ஆகியோரைக் கம்ப்யூட்டர் பட்டியலிட்டுக் கொடுத்தது. ஒரு பகுதி நிலையங்களுக்கு அந்தப் பட்டியல் மட்டும் கிடைத்தது. மற்றப் பகுதியில் மருந்தாளுநர் ஒருவர் நேரில் சென்று, மருத்துவரோடு அமர்ந்து, குறைகளை ஒவ்வொன்றாக நிவர்த்தி செய்ய உதவினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபொழுது, மருந்தாளுநர் சென்ற இடங்களிலேயே பிழைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. யந்திரம் சுட்டிக்காட்டலாம், திருத்துவதற்கு மனிதர் கூடிப் பேசவேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை பெரிய எழுத்துக்களிலும் எழுதவேண்டும் என்று நம் இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. வர்த்தகப் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் நம் சந்தையில் இது மிகவும் அவசியமான விதியே. ஆயினும் தெளிவான கையெழுத்தில் எழுதப்பட்ட தேவையற்ற மருந்து, தேவையற்ற மருந்துதான். வைரஸால் வந்த ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்தும் நாமும், கேட்டதைக் கொடுத்தனுப்பும் மருத்துவரும் இதனை உணரவேண்டும். மருந்தில்லாமல் ஆறுதலும் ஆலோசனையும் கூறி அனுப்பும் மருத்துவருக்கு, ஒன்றும் எழுதித் தரவில்லையே என்று பீஸ் கொடுக்கத் தயங்குவது நியாயமாகாது. அன்று அவர் தந்தது அவருடைய கல்வியின் முழுப் பயன்.

நோயாளிகள் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. மருத்துவரைக் காணச் செல்கையில், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், சித்த ஆயுர்வேத மருந்துகள், கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுதல் வேண்டும். இது எதற்காக, எத்தனை நாளைக்கு, என்ன நேர்ந்தால் உடனே வரவேண்டும் என்று கூச்சமின்றிக் கேட்கவும் வேண்டும். சில மருந்துகளைத் திடீரென்று விடுவது ஆபத்தாதலால், தாமாக எதையும் நிறுத்திவிடலாகாது. மருத்துவரோ, ஆண்டுக்கு ஒருமுறையேனும், நெடுநாள் மருந்து உட்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பையைத் திறக்கச் சொல்லி, இன்றைக்கு இவரை முதன்முதலாகப் பார்த்தால் இம்மருந்தை எழுதுவேனா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர். அக்கேள்விக்கு இல்லையென்று விடை வருமாயின், அம்மருந்தை முறைப்படி குறைத்து நிறுத்துவது, தக்க மருந்தைத் தொடங்குவதற்குச் சற்றும் தாழ்ந்த சிகிச்சை ஆகாது.