பித்தநாளச் செல்லுக்கு ஓர் உள்பக்கம்

கல்லீரலில் உள்ள செல்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் பித்தநாளச் செல்கள். பித்தத்தைச் சுரப்பது ஹெப்படோசைட் என்னும் பெரிய செல். அந்தப் பித்தம் ஓடும் குழாய்களுக்கு உட்சுவராக நிற்பது இந்தச் சிறுபான்மைச் செல். மனித ஈரல் ஒரு நாளில் தரும் பித்தம் சுமார் 600 முதல் 1000 மில்லிலிட்டர். வழியில் அதில் நீரும் பைகார்பனேட்டும் சேர்த்துக் காரத்தன்மையைச் சரிசெய்து அனுப்புவது இதன் பொறுப்பு. வேலை பெரிது, ஆள் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க நினைத்தவர்களுக்கு முதல் தலைவலி அந்த ஆள் குறைவுதான்.

எலியைக் கட்டிய காலம்

அன்று கையாண்ட வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. எலியின் பித்தநாளத்தை நூலால் கட்டிவிடுவார்கள். பித்தம் போக வழியில்லாமல் தேங்க, ஈரலுக்குள் நாளங்கள் தாமாகப் பெருகும். சில வாரம் கழித்து ஈரலை எடுத்து, நொதி ஊற்றிக் கரைத்து, செல்களைப் பிரிப்பார்கள். செல் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் அது அடைப்பு நோயில் பெருகிய செல். அதை வைத்து நலமான நாளம் எப்படி இயங்குகிறது என்று சொன்னால் யார் நம்புவது?

1989-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நிக்கோலஸ் லாருஸோவின் குழு, கட்டுப்போடாத எலியின் ஈரலிலிருந்தே பித்தநாளச் செல்லைப் பிரிக்கும் முறையை வெளியிட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மனித ஈரல் துண்டுகளிலிருந்தும் பிரித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் காணும் ஆண்டிபாடியை வைத்து, வேண்டிய செல்லை மட்டும் பொறுக்கி எடுக்கும் உத்தி அந்த ஆண்டுகளில் கைகூடியது.

பொறுக்கிய செல்லை எங்கே வைப்பது? கொலாஜன் பூசிய பிளாஸ்டிக் தட்டில். அங்கே அது தோசைக்கல்லில் ஊற்றிய மாவாகப் பரவிப் படுத்துக்கொள்ளும். சில முறை பிரித்துப் பிரித்து வளர்த்தால் பெருகுவதை நிறுத்திவிடும். அதற்குள் செய்ய வேண்டிய சோதனையைச் செய்து முடிக்க வேண்டும். அடுத்த சோதனைக்கு மறுபடி புதிய ஈரல் தேட வேண்டும்.

இரண்டு முகம்

தட்டையாகப் படுத்த செல் ஏன் போதாது? இந்தச் செல்லுக்கு இரண்டு முகம். ஒன்று இரத்த ஓட்டத்தின் பக்கம், மற்றது பித்தத்தின் பக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்து கிளம்பும் செக்ரடின் ஹார்மோன் இரத்தப் பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி உயர்கிறது. பித்தப் பக்கத்தில் சிஎஃப்டிஆர் என்ற வாயில் திறந்து குளோரைடு வெளியேறுகிறது. அந்தக் குளோரைடைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டு இன்னொரு புரதம் பைகார்பனேட்டை வெளியே விடுகிறது. நீர் அதன் பின்னால் போகிறது. ஒரு முகத்தில் கேட்டு மறுமுகத்தில் பதில் சொல்லும் செல் இது. எது உள், எது வெளி என்று தெரியாத தரையில் அதை வைத்தால், கேள்வியும் பதிலும் ஒரே குளத்தில் கலந்துவிடும்.

அன்றைய ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அடியில் நுண்துளைச் சவ்வு வைத்த கிண்ணங்களில் செல்லை விரித்து, மேலே ஒரு திரவம், கீழே ஒரு திரவம் என்று பிரித்துப் பார்த்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பாயரின் குழு 1990-களில் இன்னும் நேரடியாகப் போனது. நாளத்தின் சிறு துண்டுகளையே வெட்டியெடுத்து வளர்த்தது. வெட்டுப்பட்ட இரு முனைகளும் தாமாக மூடிக்கொள்ள, நடுவில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். செக்ரடின் கொடுத்தால் அந்த வெற்றிடம் உப்பும். எவ்வளவு உப்பியது என்பதை நுண்ணோக்கியில் அளந்தார்கள். இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளப்பதும் ஏறக்குறைய இதைத்தான். அந்தத் துண்டுகள் மட்டும் நீடித்து வாழவில்லை, பெருகவும் இல்லை.

குளிரில் நீர், சூட்டில் ஜெல்

மாற்றம் வந்தது வேறு உறுப்பின் வழியாக. 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்கூடத்தில் தோஷிரோ சாத்தோ, எலிக் குடலின் ஒற்றை மூலச்செல்லை ஜெல்லுக்குள் வைத்து, குடல் மடிப்பைப் போன்ற அமைப்பாக வளர்த்துக் காட்டினார். ஆர்கனாய்டு என்ற சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது அதன் பிறகுதான். அங்கேயே மெரிட்செல் ஹூக் 2013-இல் எலி ஈரலிலும், 2015-இல் மனித ஈரலிலும் அதைச் செய்தார். மனித ஈரலில் அப்படிப் பெருகி வளர்ந்தவை பித்தநாளத்திலிருந்து வந்த செல்கள். மாதக்கணக்கில் பெருக்கியும் அவற்றின் மரபணுத் தொகுதி பெரிதும் சிதையாமல் இருந்தது.

ஜெல்லின் பெயர் மேட்ரிஜெல். எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்த, லேமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் நிறைந்த கலவை. 4 டிகிரி செல்சியஸில் நீராக ஓடும், 37 டிகிரியில் உறையும். ஆகவே பனிக்கட்டிமேல் வைத்துத்தான் வேலை. பைப்பெட் முனைகளைக்கூடக் குளிரவைத்துக்கொள்வார்கள். செல் கலந்த ஜெல்லை ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சொட்டு விட்டு, செல்கள் அடியில் படியாதபடி பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பி இன்குபேட்டரில் வைப்பார்கள். கால் மணி நேரத்தில் சொட்டு குவிமாடமாக உறையும். அதன்மேல் ஊடகம் ஊற்றப்படும். ஆர்-ஸ்பாண்டின், இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்10, எச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள், நிகோடினமைடு, ஃபோர்ஸ்கோலின், டிஜிஎஃப்-பீட்டாவின் கட்டளையைத் தடுக்கும் ஒரு மூலக்கூறு எல்லாம் அதில் உண்டு.

நாலாபுறமும் ஜெல் சூழ்ந்திருப்பதால், ஜெல்லைத் தொடும் முகம் வெளிப்பக்கம் என்று செல் முடிவு செய்துகொள்கிறது. தொடாத முகம் உள்ளே திரும்புகிறது. சில நாளில் ஒற்றை அடுக்குச் செல்லால் ஆன, நடுவில் வெற்றிடமுள்ள உருண்டை தெரியும். கிட்டத்தட்ட வாரம் ஒருமுறை உடைத்துப் புதிய ஜெல்லில் பங்கிட வேண்டும். செல் கிடைக்கும் இடமும் மாறிவிட்டது. எண்டோஸ்கோப் வழியாக நோயாளியிடமிருந்து எடுத்த பித்தத்தில் மிதக்கும் செல்களிலிருந்தே ஆர்கனாய்டு வளர்க்கலாம் என்று 2019-இல் யேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரலை வெட்ட வேண்டியதில்லை.

உருண்டைக்குள் எட்டிப் பார்ப்பது

வளர்ப்பது எளிதானபோது, பார்ப்பது கடினமாயிற்று. தட்டையான செல்லில் எல்லாம் ஒரே குவியத்தில் இருக்கும். நிறமேற்றிப் படமெடுத்தால் கேரட்டின் 19 இருக்கிறதா, அது பித்தநாளச் செல்தானா என்று உடனே தெரியும். ஜெல்லுக்குள் ஓர் உருண்டை மேலே, இன்னொன்று கீழே. ஆண்டிபாடி ஜெல்லைத் தாண்டிப் போகத் தயங்கும். ஆகவே குளிர்ந்த கரைசலில் ஜெல்லைக் கரைத்து உருண்டைகளை மீட்கிறார்கள், அல்லது கான்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்துக் கணினியில் கோக்கிறார்கள்.

அன்று பித்தம் படும் முகம் ஊடகத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. இன்று அது பூட்டிய அறைக்குள். மருந்தை அந்த முகத்தில் சேர்க்க நுண்ணூசியால் குத்த வேண்டும். பூட்டியிருப்பதில் நன்மையும் உண்டு. ரோடமின் 123 என்ற ஒளிரும் சாயத்தை வெளியே விட்டால், செல் அதை உள்ளறைக்குத் தள்ளும். உள்ளே ஒளி கூடும். தள்ளும் புரதத்தை வெராபமில் என்ற மருந்தால் தடுத்தால் ஒளி கூடாது. ஒரே படத்தில் திசையும் வேலையும் தெரிந்துவிடும். ஃபோர்ஸ்கோலின் சோதனையும் அப்படியே. சைக்ளிக் ஏஎம்பியை அது உயர்த்த, சிஎஃப்டிஆர் திறந்து உருண்டை வீங்கும். சிஎஃப்டிஆர் பழுதான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியின் செல்லில் வீங்காது. சரியான மருந்து கொடுத்தால் கொஞ்சம் வீங்கும். வளர்ப்பு ஊடகத்திலேயே ஃபோர்ஸ்கோலின் இருந்தால், சோதனைக்கு முன் அதை நீக்கி ஓய்வு தர வேண்டும். ஏற்கனவே வீங்கிய உருண்டையிடம் வீக்கத்தை அளக்க முடியாது.

ஆட்டுக்குட்டிகள் விட்டுச்சென்ற கேள்வி

பிறந்த குழந்தையின் பித்தநாளம் அடைந்துபோகும் நோய்க்கு அன்றும் இன்றும் முதல் சிகிச்சை, 1950-களில் ஜப்பானின் செண்டாயில் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை. அது பலிக்காதபோது ஈரல் மாற்றுதான் வழி. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று 1998-இல் டெல்லியில், இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு நடந்தது.

காரணத்துக்கான தடயம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில், வறட்சியில் நீர் வற்றிய அணைக்கரையில் மேய்ந்த சினை ஆடுகள் பித்தநாளம் சிதைந்த குட்டிகளை ஈன்றன. ஏதோ ஒரு செடி என்ற சந்தேகத்தோடு அன்று விஷயம் நின்றது. 2015-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு அந்தச் செடியிலிருந்து பிலியட்ரெசோன் என்ற நச்சைப் பிரித்தது. வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதித்ததோடு, ஜெல்லில் வளர்த்த பித்தநாளச் செல் உருண்டைகளிலும் விட்டுப் பார்த்தது. உள்ளறை மூடிப்போனது, செல்கள் திசை இழந்தன. தட்டையான செல்லில் உள்ளறை கிடையாது, அடைப்பும் கிடையாது. இதைப் பார்க்க உருண்டைதான் வேண்டியிருந்தது. குழந்தைகளில் நோய்க்குக் காரணம் இதே நச்சு என்று இதனால் ஆகிவிடாது. நாளம் எப்படி அழிகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க ஒரு வழி கிடைத்தது.

உருண்டை குழாய் ஆகுமா?

கேம்பிரிட்ஜில் ஃபோட்டியோஸ் சம்பாசியோட்டிஸ், லுடோவிக் வாலியே குழு 2017-இல் மனிதப் பித்தநாளச் செல்லைப் பெருக்கி, சாரங்களில் படரவிட்டு, எலியின் பித்தப்பைச் சுவரைச் சரிசெய்தது. 2021-இல் அவர்கள் மனித ஈரலுக்கே போனார்கள். மாற்றுக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட, இயந்திரத்தில் உயிரோடு வைத்த ஈரலின் நாளங்களில் பித்தப்பையிலிருந்து வளர்த்த செல்லைச் செலுத்தினார்கள். அது ஒட்டிக்கொண்டது. அந்த நாளங்களிலிருந்து எடுத்த பித்தத்தின் அளவும் காரத்தன்மையும் கூடின. பித்தப்பையில் பிறந்த செல் ஈரலுக்குள் போனதும் அந்த ஊர் வழக்கத்துக்கு மாறிக்கொண்டதுதான் இதில் பெரிய செய்தி. எந்த இடத்து நாளத்திலிருந்து எடுத்தாலும், வளர்ப்பில் இடத்தின் அடையாளம் மங்கும். புது இடத்துப் பித்தம் பட்டதும் புது அடையாளம் வரும்.

வளரும் இடம் அவ்வளவு சொல்கிறது என்றால், ஜெல்லைச் செல் வைக்கும் வெறும் பாத்திரமாக எண்ண முடியாது. ஆனால் அந்த ஜெல்தான் இன்னும் பழைய எலிக் கட்டியிலிருந்து வருகிறது. தொகுதிக்குத் தொகுதி அதன் கலவை மாறும். அதில் வளர்ந்த செல்லை நோயாளிக்குள் வைக்க மருத்துவர்கள் தயங்குவது நியாயம். பாலிஎத்திலீன் கிளைக்காலில் செய்த ஜெல்லில் எலி ஈரல் ஆர்கனாய்டை வளர்த்த ஒரு குழு 2020-இல் காட்டியது: இயல்பான ஈரலின் மென்மையில் செல் செழிக்கிறது, தழும்பேறிய ஈரலின் கடினத்தில் தடுமாறுகிறது. கட்டிச் சாற்றில் கடினத்தை நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்க முடியாது. 2022-இல் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் ஊடகத்தின் கட்டளைகளை மாற்றி, உருண்டைகளைக் கிளைவிடும் குழல்களாக்கினார்கள். அவையும் இரத்தக் குழாய் இல்லாத, பித்தம் ஓடாத குழல்கள்தான்.

அன்று செல் கிடைக்கவில்லை, கிடைத்தது நிலைக்கவில்லை. அந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. இன்றைய குறை வேறு: உள்பக்கம் இருக்கிறது, போக்கிடம் இல்லை. பெருக்குவதில் காட்டிய திறமையை, ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் ஓட்டத்தைக் கட்டுவதிலும், மனிதருக்குள் வைக்கத் தகுந்த ஜெல்லைச் செய்வதிலும் இனி காட்ட வேண்டும். இரண்டும் உயிரியலாளர் தனியாக முடிக்கும் காரியமில்லை. பொறியாளரும் வேதியியலாளரும் இந்த ஆய்வுமேசைக்கு வந்து சேர்ந்திருப்பதன் காரணம் அதுவே.