எந்தக் கொசு, எந்த நீர்?

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், கடலோரச் சமவெளியைச் சேர்ந்த மெர்லிமாவுக்கும் லேடாங் மலையடிவாரத்து ஆசாகானுக்கும் இடைப்பட்ட நிலம் அளவில் சிறியதே என்றாலும், முட்டையிட இடம் தேடும் கொசுவுக்கு அது ஒரே நாடாக இருந்ததில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி ஓரம், வாய்க்கால் வெட்டி வடிக்கப்படும் வரை சதுப்பாகக் கிடக்கும் தாழ்நிலம், தெளிந்த ஓடைகள் இறங்கி வரும் மேட்டுநிலம் என்று மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் காணப்படும் இம்மூன்று நிலங்களிலும் மலேரியாவைப் பரப்பிய அனாபிலிஸ் கொசுக்கள் வெவ்வேறு இனத்தவை. ஒன்றை ஒழிக்கும் முறை மற்றொன்றை வளர்க்கவும் கூடும். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, பின்னர் ஆசாகானில் பெருந்தோட்டம் அமைத்த நாள் தொடங்கி, இந்நிலங்களில் காடழித்து லயங்களில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் உயிர், அந்த வேறுபாட்டை அதிகாரிகள் அறிந்திருந்தார்களா என்பதைப் பொறுத்தே அமைந்தது. கொசுவை ஒழிக்க இரசாயன முறை சிறந்ததா, உயிரியல் முறை சிறந்ததா என்று இன்று பட்டிமன்றத் தலைப்புப்போல் எழுப்பப்படும் கேள்வியும் அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள்படுகிறது.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்த நான்கே ஆண்டுகளில், அக்கண்டுபிடிப்பைக் களத்தில் சோதிக்கும் நெருக்கடி சிலாங்கூரின் கிள்ளான் நகரில் ஏற்பட்டது. 1901இல் கிள்ளானிலும் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலுமாக 582 பேர் இறந்தனர். அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் நகரை ஒட்டிய சதுப்பைக் கால்வாய் வெட்டி வடித்து, காட்டை வெட்டி வெயில் படச் செய்ததற்கு அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை 144ஆக இறங்கியது. மருந்தும் இல்லை, நஞ்சும் இல்லை. மரநிழலில் தேங்கிய நீரில் மட்டுமே வளர்ந்த அனாபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு, நிழலும் நீரும் போனதும் தானே மறைந்தது.

ஆனால் சமவெளியில் வென்ற அதே முறையை மேட்டுநிலத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் தணிவதற்கு மாறாகப் பெருகியது. மலை ஓடைகள் காட்டின் நிழலில் ஓடிய வரையில் தீங்கற்றவையாக இருந்தன. ரப்பர் கன்று நடுவதற்காகக் காடு வெட்டப்பட்டு ஓடைகள்மீது வெயில் விழுந்ததும், வெயில்பட்ட தெளிநீரை விரும்பும் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் அங்கே குடியேறியது. களை நீக்கி ஒழுங்காக வெட்டி வைத்த வாய்க்கால்கூட அதற்கு உகந்த தொட்டிலாயிற்று. ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மறைத்தும், பின்னர் எண்ணெய் தெளித்தும்தான் வாட்சன் அதை அடக்க வேண்டியிருந்தது. இந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட டச்சு அறிஞர் சுவெல்லென்கிரேபல், நோயைப் பரப்பும் குறிப்பிட்ட இனத்தை அறிந்து அதன் வாழிடத்தை மட்டும் கெடுக்கும் அணுகுமுறைக்கு 'இனவாரிச் சுகாதாரம்' என்ற பொருள்பட ஒரு பெயரிட்டார். கொசு ஒழிப்பைப் பற்றி மலாயா உலகுக்கு அளித்த பெரும் பாடம் அதுவே எனலாம்.

எண்ணெய் தெளிப்பது தோட்டங்களில் வாராந்திர வேலையாக நிலைபெற்றது. கொசுவின் இளம்புழு நீருக்குள் வாழ்ந்தாலும், வால்புறத்திலுள்ள மூச்சுத் துளையை நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காற்றை இழுக்கிறது. மண்ணெண்ணெயும் கனத்த எரியெண்ணெயும் கலந்த மெல்லிய படலம் நீரை மூடிக்கொண்டால் அதற்கு மூச்சு முட்டும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் ஆவதால், லயத்தைச் சுற்றி ஏறத்தாழ அரை மைல் வரையுள்ள ஓடை, குட்டை, ஊற்று அனைத்துக்கும் ஏழு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் அடித்தாக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் முந்தைய வாரங்களின் உழைப்பு வீண். முதுகில் தகரக் கலத்தைச் சுமந்துகொண்டு ஓடையோரமாக நடந்த தொழிலாளியின் கால்களை நம்பியே அம்முறை நின்றது என்பதை மருத்துவ அறிக்கைகளின் அட்டவணைகள் வெளிக்காட்டுவதில்லை.

எண்ணெய்க்கும் வசப்படாத கொசு ஒன்று இருந்தது. சதுப்பு நிலங்களில் யானைக்கால் நோயைப் பரப்பிய மான்சோனியாவின் புழு மேற்பரப்புக்கு வருவதே இல்லை; ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அவ்வேருக்குள் இருக்கும் காற்றையே அது மூச்சாகப் பெறுகிறது. ஆகவே செடியை அகற்றினால் மட்டுமே புழு சாகும். நிழல் விரும்பும் செடிகொடிகளை ஓடையின் இருபுறமும் மீண்டும் வளர்த்து மாக்குலேட்டஸை விரட்டுவதும், ஓடைக்குக் குறுக்கே சிறு அணை கட்டித் தேக்கிய நீரை அவ்வப்போது ஒரே வீச்சில் திறந்துவிட்டுப் புழுக்களை அடித்துச் செல்ல விடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. இயற்கைவழிக் கட்டுப்பாடு என்று 1930களில் பேசப்பட்ட இம்முறைகளே இன்றைய உயிரியல் முறைகளுக்கு மூத்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்ததும் இந்தப் பொறுமையான கலை மதிப்பிழந்தது. கடித்தபின் சுவரில் உட்காரும் கொசு, சுவரில் பூசப்பட்ட டிடிடியைத் தொட்டே மடியும் என்பதால், கொசுவின் இனத்தையோ அதன் நீரையோ ஆராய வேண்டிய தேவை குறைந்ததாகத் தோன்றியது. மேற்கு மலேசியாவில் 1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்தலைப் பெரிதும் நம்பியது. நோய் பெருமளவு குறைந்தது என்பதையும் மறுக்க இயலாது. அதே மருந்து போர்னியோவின் அத்தாப்புக் கூரை வீடுகளில் வேறொரு விளைவைக் காட்டியது. கூரை ஓலையைத் தின்னும் புழு டிடிடியைத் தவிர்த்துக்கொள்ள, அப்புழுவைக் கட்டுப்படுத்தி வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் மட்டும் மடிந்ததால், புழு பெருகிக் கூரைகள் இற்று விழுந்தன. இதையொட்டி, பூனைகள் விமானத்திலிருந்து இறக்கப்பட்ட கதை கைகால் முளைத்து உலகெங்கும் உலவுகிறது. உண்மையில் கவனத்துக்கு உரியது பூனையன்று, குளவியே.

மலேரியா பின்வாங்கிய இடத்தில் டிங்கிக் காய்ச்சல் முன்னுக்கு வந்தது. 1962இல் பினாங்கில் உதிரப்போக்குடன் கூடிய கடுமையான டிங்கி அறியப்பட்டு, 1973இல் அது பெருந்தொற்றாக வெடித்ததைத் தொடர்ந்து, வீட்டு வளாகத்தில் புழு வளர விடுவதைக் குற்றமாக்கும் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையையோ சதுப்பையோ நாடுவதில்லை. மனிதன் வைத்துவிட்டு மறந்த சிறு கலமே அதற்குப் போதும். வெட்டு நிறுத்தப்பட்ட பால்மரத்தில் கவிழ்க்காமல் விட்ட மங்கு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், தாமான் வீட்டின் அடைபட்ட கூரை வடிகால் ஆகிய எதிலும் அது வளரும். அதன் முட்டை நீரின்றிப் பல மாதம் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரியும் ஆற்றலுடையது. செம்பனை வந்து ரப்பர் குறைந்து, தோட்டத்து மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, கொசுவும் கலத்தோடு கூடவே பெயர்ந்தது.

டிங்கி கண்ட தெருவில் மாலை வேளையில் அடிக்கப்படும் மருந்துப் புகையே பொதுமக்கள் கண்ணில் படும் ஒரே நடவடிக்கை. புகை வரவில்லையென்றால் சுகாதாரத் துறை உறங்குகிறது என்று மக்கள் முணுமுணுப்பதும் வழக்கம். ஆனால் புகையின் துளிகள் பட்டுச் சாவது அவ்வேளையில் பறந்துகொண்டிருக்கும் கொசு மட்டுமே. நீரிலிருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் அது எட்டாது. அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் ஏடிஸ் ஈஜிப்டியை அது சேர்வதும் அரிது. போதாக்குறைக்கு, சாமந்தி இனப் பூவொன்றின் நஞ்சைப் பின்பற்றித் தயாரிக்கப்படும் பைரித்ராய்டு மருந்துகளுக்கு மலேசிய ஏடிஸ் பெருமளவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை இம்மருந்து மூடவிடாமல் செய்து கொசுவை வலிப்புக்கு உள்ளாக்குகிறது. அவ்வாயிலின் அமைப்பில் ஏற்படும் ஒரு சிறு மரபணு மாற்றமே கொசுவைக் காத்துவிடுகிறது, தப்பியவையே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. 2015இல் நாட்டில் 120,836 பேர் டிங்கிக்கு ஆளாகி 336 பேர் இறந்ததும், 2019இல் பாதிக்கப்பட்டோர் 130,101ஆக உயர்ந்ததும் புகை ஓயாது அடிக்கப்பட்ட காலத்திலேயே நிகழ்ந்தன.

புழுவைக் கொல்லும் ஏபெட் குருணையின் நிலை சற்று மேலானது. 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போதும், தொட்டி நீரில் சில வாரங்கள் வேலை செய்யும். அதுவும் இரசாயனமே என்பதால் எதிர்ப்பாற்றல் என்னும் கடன் அதற்கும் உண்டு.

உயிரைக் கொண்டு உயிரைக் கட்டுப்படுத்தும் முறைகளில் பழையது மீன். கப்பி மீனும் கம்பூசியாவும் கொசுப்புழுவை விரும்பி உண்பவை. எனினும் கம்பூசியா உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் விட்டுவைக்காததால், உலகின் மிகக் கேடான அயல் உயிரினங்கள் நூற்றின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மங்குக்குள் மீன் விட முடியாது என்பதும் வெளிப்படை. மீனைவிட நுட்பமானது, 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனக் குட்டையொன்றில் கண்டறியப்பட்ட பிடிஐ என்னும் பாக்டீரியா. அது உண்டாக்கும் புரதப் படிகம் கொசுப்புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து நஞ்சாகிக் குடல் சுவரைக் கிழிக்கிறது. மனிதன், கோழி, மீன், தேனீ ஆகியவற்றுக்கு அதனால் தீங்கில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நஞ்சுகள் சேர்ந்து செயல்படுவதால் அதற்கு எதிர்ப்பாற்றல் உருவாவதும் கடினம். குறையும் உண்டு: வெயிலில் விரைவில் சிதையும், அடியில் படியும், அதை உண்ணும் புழுவை மட்டுமே கொல்லும். உண்பதை நிறுத்திவிட்ட கூட்டுப்புழுவுக்கு அதனால் ஒன்றும் நேராது. அந்தக் கூட்டுப்புழுவைப் பழைய மண்ணெண்ணெய் கொன்றுவிடும். செம்பனை இலையை மொட்டையடிக்கும் கூடுகட்டிப் புழுவின்மீது தோட்டங்கள் தெளிப்பது இதே பாக்டீரியாவின் மற்றொரு வகைதான். பொட்டலத்தில் வந்து, அளந்து கலக்கப்பட்டு, குழாயால் தெளிக்கப்படும் இதை உயிரியல் என்பதா, மருந்து என்பதா?

இந்த எல்லைக்கோடு மேலும் மங்கிய ஒரு நிகழ்ச்சியில் மலாக்காவின் பெயரும் அடிபட்டது. பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் உருவாக்கிய, வாரிசுகள் இளம்பருவத்திலேயே மடியுமாறு மரபணு மாற்றப்பட்ட ஆண் ஏடிஸ் கொசுக்களைச் சோதனைக்காக வெளியிட 2010இல் அனுமதிக்கப்பட்ட இடங்கள் பகாங்கின் பெந்தோங்கும் மலாக்காவின் அலோர் காஜாவும் ஆகும். அரசு சாரா அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருக்க, அவ்வாண்டு டிசம்பரில் பெந்தோங் அருகே ஆளில்லாத காட்டுப்பகுதியில் ஏறத்தாழ 6,000 ஆண் கொசுக்கள் விடப்பட்டுவிட்ட செய்தி, மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிவிப்பாக மறுமாதம்தான் வெளிவந்தது. ஆண் கொசு கடிப்பதில்லை என்ற அறிவியல் விளக்கம் சரியானதே. ஆயினும் முன்கூட்டியே சொல்லாமல் செய்ததால் எழுந்த ஐயத்தை எந்த விளக்கமும் தீர்க்கவில்லை. செலவு மிகுதி என்று பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

வோல்பாக்கியா வேறு வழியில் வந்தது. பூச்சியினங்களில் ஏறத்தாழப் பாதியின் உயிரணுக்களுக்குள் இயல்பாகவே குடியிருக்கும் இப்பாக்டீரியா ஏடிஸ் ஈஜிப்டியில் இல்லை. அதனுள் புகுத்தினால் டிங்கி வைரஸ் அங்கு பெருகுவது பெரிதும் தடைபடுகிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிவதில்லை. உள்ள பெண்ணின் முட்டைகளோ பாக்டீரியாவுடனேயே பொரிகின்றன. எனவே சில மாதங்கள் தொடர்ந்து விடப்பட்டால், அப்பகுதியின் கொசுக் கூட்டமே அப்பாக்டீரியாவைத் தாங்கியதாக மாறுகிறது. 2017இல் சிலாங்கூரில் தொடங்கிய சோதனையில், வெப்பத்தைத் தாங்கும் வகையொன்று தெரிந்தெடுக்கப்பட்டு ஆறு குடியிருப்புப் பகுதிகளில் விடப்பட்டது. அங்கு டிங்கி 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறிற்று. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த பெரிய ஆய்வில் 77 விழுக்காடு குறைவு காணப்பட்டது. மருந்துப் புகையின் நிழல் இங்கும் விழுந்தது என்பதுதான் விந்தை. ரியோ டி ஜெனீரோவில் முதலில் விடப்பட்ட வோல்பாக்கியாக் கொசுக்கள், உள்ளூர்க் கொசுவுக்கு இருந்த பைரித்ராய்டு எதிர்ப்பாற்றல் தமக்கு இல்லாமையால் நிலைபெறாமல் போயின. அதன்பின் எதிர்ப்பாற்றல் உடைய கொசுக்களை வளர்த்தே மீண்டும் விட வேண்டியிருந்தது.

மலேரியாவின் கணக்கும் முழுதாக முடிந்துவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை என்றாலும், குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி வகை, சபா, சரவாக்கிலும் தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் தொடர்கிறது. அதைப் பரப்பும் அனாபிலிஸ்கள் வீட்டுச் சுவரில் உட்கார்வதில்லை, வெளியிலேயே கடிக்கின்றன. படுக்கையின் கொசுவலையும் சுவரில் பூசிய மருந்தும் அவற்றின் பாதையில் குறுக்கிடுவது அரிது, குரங்கின் உடலில் இருக்கும் கிருமிக்கு மருந்து கொடுக்கவும் வழியில்லை. காடு வெட்டப்பட்டுத் தோட்டம் தொடங்கும் ஓரத்தில், எந்தக் கொசு எந்த மணி நேரத்தில் எவரைக் கடிக்கிறது என்று ஆய்வாளர்கள் இரவில் விழித்திருந்து இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.