ஆள் எடுக்கும் மேஜையில் ஓர் அப்ரண்டிஸ்

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், தொழிற்சாலை வாசலில் பைலைக் கையில் இடுக்கிக்கொண்டு இளைஞர்கள் நிற்பதைக் காணலாம். பயிற்சிக்கு வந்தவர்கள். பெயரைக் கூப்பிட்டு, சான்றிதழைச் சரிபார்த்து அவர்களை உள்ளே அனுப்ப ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். சில நிறுவனங்களில் அவரும் ஓர் அப்ரண்டிஸ்தான் என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

பட்டம் வாங்கிய மை காயாதவர், தன் வயதுக்காரர்களை வேலைக்குச் சேர்க்கும் தொழிலைப் பழகுகிறார்! அன்று 'பெர்சனல் டிபார்ட்மெண்ட்' என்றார்கள், இன்று 'எச்.ஆர்.' என்கிறார்கள். அந்தப் பிரிவில் பயிற்சி பெற விரும்பும் தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஓராண்டில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் குறைவு.

மேஸ்திரி ராஜ்யம்

ஆள் எடுக்கும் மேஜைக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆலைகளில் ஆள் சேர்க்க அலுவலகம் ஏதும் கிடையாது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் 'ஜாபர்', கல்கத்தா சணல் ஆலைகளில் 'சர்தார்', நம்மவர் பேச்சில் 'மேஸ்திரி' - இவர்கள் வைத்ததுதான் சட்டம். வேலை கிடைக்கவும் மாமூல், கிடைத்த வேலை நிலைக்கவும் மாமூல்!

தொழிலாளர் நிலையை ஆராய அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் 1931-ல் தன் அறிக்கையைத் தந்தது. ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்து, லேபர் ஆபீசர் என்ற தனி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. தொழிலாளர் நலப் படிப்புக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடமாக அது வளர்ந்தது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அதிகாரி கட்டாயம் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது.

ஆக, எச்.ஆர். பிரிவு பிறந்ததே மேஸ்திரியின் கையிலிருந்து ஏழையின் வேலையைக் காப்பாற்றத்தான். அந்த மேஜையில் உட்காரும் இளைஞர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கலைப் பட்டதாரிக்கும் கதவு திறந்தது

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. தொடக்கத்தில் அது பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கே பயன்பட்டது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமா படித்தவர்களும் சேர்க்கப்பட்டனர். 2014-ல் செய்த திருத்தம்தான் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. எச்.ஆர். பிரிவில் பட்டதாரி அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ள வழி பிறந்தது அதன் பிறகே.

30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். மொத்தச் சிப்பந்திகளில், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து, குறைந்தது 2.5 சதவீதம், அதிகபட்சம் 15 சதவீதம் என்பது 2019-ல் வந்த விதி. 400 பேர் வேலை செய்யும் கம்பெனி என்றால் குறைந்தது 10 பேர். 60 பேருக்கு மேல் கூடாது. எச்.ஆர். அப்ரண்டிஸ் போடுகிற முதல் கணக்கே பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அவரும் அந்தக் கணக்கில் ஒரு தலை!

இரண்டு பக்கமும் தெரிந்தவர்

பிறகு வேலை வரிசையாக வருகிறது. கல்லூரிகளுக்குக் கடிதம் போக வேண்டும். மனுக்களைப் பிரிக்க வேண்டும். தேர்வானவரோடு ஒப்பந்தம் எழுதி, அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் தகப்பனாரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். வருகைப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், மாதாந்திரப் பயிற்சிக் குறிப்பு, கடைசியில் சான்றிதழ் - இத்தனையும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகும்.

உதவித்தொகை இரண்டு நாள் தாமதமானால் ஹாஸ்டல் வாடகைக்கு என்ன பாடு என்பது இருபது வருஷ சர்வீஸ் உள்ள மானேஜருக்கு மறந்துபோயிருக்கலாம். அப்ரண்டிஸுக்கு மறக்காது. இன்னொருவரின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது, தன் ஒப்பந்தத்தின் ஷரத்துகளும் அவருக்குப் புரிந்துவிடுகின்றன. வேறு எந்தப் பிரிவின் அப்ரண்டிஸுக்கும் இந்த வசதி கிடையாது.

இதே இடத்தில்தான் சோதனையும் வருகிறது. அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அவருக்கு பி.எப். பிடித்தம் இல்லை, சம்பளம் என்ற பெயரும் இல்லை. செலவு குறைவு என்பதால் நிரந்தர ஆள் செய்ய வேண்டிய வேலையில் பயிற்சியாளரை நிறுத்திவிட ஆசைப்படும் முதலாளிகள் உண்டு. பயிற்சி ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது என்கிறது சட்டம். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் கை யாருடையது? எச்.ஆர். பிரிவிலுள்ள இளைஞருடையதுதான். "சார், இதற்கு அனுமதி வேண்டும்" என்று மரியாதையாக எடுத்துச் சொல்லும் துணிச்சலைப் பாடப்புத்தகம் கற்றுத் தராது.

மொழி ஒரு மூலதனம்

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் இயற்கையாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், கடைவீதியில் கொஞ்சம் உருது, இந்தி என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வருகிறவரிடமும், ஹாசன் பக்கத்துக் கிராமத்துப் பையனிடமும், வடக்கேயிருந்து வந்த ஐ.டி.ஐ. மாணவனிடமும் அவரவர் பாஷையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர், எச்.ஆர். பிரிவுக்குக் கிடைத்த பொக்கிஷம். கன்னடம் எழுதப் படிக்கவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

வேலை நிச்சயமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தான் பயிற்சி கொடுத்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மட்டும் 2014 திருத்தம் கூறுகிறது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆகவே சேரும் முன்பே, "போன வருஷம் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் தவறில்லை. நேரான பதில் கிடைக்காத இடத்தில் ஓராண்டைச் செலவிடலாமா என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவாகாத பயிற்சிக்குச் சட்டத்தின் நிழல் கிடையாது; அரசுச் சான்றிதழும் வராது.

உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும். பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் நிர்ணயித்தார்கள். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் அதை 36 சதவீதம் உயர்த்தச் சிபாரிசு செய்தது. சேருகிற தேதியில் எது நடப்பில் இருக்கிறது என்று இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆள் எடுப்பு, வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், குறை கேட்பு, தொழிலாளர் சட்டம் என்று பிரிவு பிரிவாகச் சுற்றி வந்தால்தான் அது எச்.ஆர். பயிற்சி. பன்னிரண்டு மாதமும் பைல் அடுக்குவதும் போன் செய்வதும் மட்டுமே என்றால் அது எடுபிடி வேலை.

தகராறு வந்தால் பயிற்சி ஆலோசகரிடம் முறையிடலாம். அவர் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மேல் முறையீடு உண்டு. கர்நாடகம் உட்பட தென் மாநிலங்களின் பட்டதாரி, டிப்ளமா அப்ரண்டிஸ்களைக் கவனிக்கும் பயிற்சி வாரியம் சென்னையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இணையதளத்தில் பதிவு செய்ய அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "இத்தனை ஆயிரம் கொடுத்தால் அப்ரண்டிஸ் இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், அவர் கழுத்தில் டை கட்டியிருந்தாலும் பழைய மேஸ்திரிதான். அவரை வாசலிலேயே அடையாளம் கண்டு திருப்பி அனுப்புவதும் அந்த மேஜையில் உட்காரும் இளைஞர் பழக வேண்டிய தொழிலில் ஒரு பாடம்.