இலக்கைப் படமாக்குவோம், வழியையும் கீறுவோம்

நம்மில் பலருடைய வீட்டுச் சுவர்களில் ஏதாவது ஒரு படம் தொங்கும். சாமிப் படம், பிள்ளையின் பாடசாலைப் படம், கடைக்காரர் தந்த கலண்டர் என ஏதாவது இருக்கும். ஆனால் ‘நான் அடைய வேண்டியது இது’ என்று தனக்காகவே ஒரு பெண் மாட்டிய படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? பிள்ளையின் இலக்கு என்ன, கணவரின் இலக்கு என்ன என்று கேட்டால் உடனே பதில் சொல்லும் நாம், நமது இலக்கைக் கேட்டால் சிரித்து மழுப்பி விடுகிறோம்.

இந்த எண்ணத்தோடுதான் 2017ஆம் ஆண்டு மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தில் ‘இலக்குப் படம்’ என்ற செயலமர்வை நடத்தினேன். பழைய சஞ்சிகைகள், கலண்டர்கள், கத்தரிக்கோல், பசை, டிமைத் தாள்கள் எல்லாம் கொண்டுபோனேன். “உங்கள் ஆசை எதுவோ, அதன் படத்தை வெட்டி ஒட்டுங்கள். தினமும் காலையில் அதைப் பாருங்கள். மனம் அதிலேயே நிற்கும்” என்றேன். பதினெட்டுப் பெண்களும் உற்சாகமாக வெட்டி ஒட்டினார்கள். தையல் மெஷின், பசுமாடு, பட்டமளிப்பு உடையில் ஒரு பெண், தங்கச் சங்கிலி என்று மண்டபமே வண்ணமயமானது. எனக்கும் பெருமையாக இருந்தது. அறிக்கையில் ‘செயலமர்வு வெற்றி’ என்று எழுதினேன்.

திருப்பி வைக்கப்பட்ட படம்

ஆறு மாதங்களின் பின்னர் வீடுகளைப் பார்க்கப் போனேன். ஓர் அக்காவின் வீட்டில் அந்தப் படம் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. 2007இல் நடந்த இடப்பெயர்வில் கணவரை இழந்தவர் அவர். ஒரு மகள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அரைகுறையில் நின்றது. யன்னல்கள் இருக்க வேண்டிய மூன்று இடங்களிலும் பொலித்தீன் கட்டியிருந்தார். செயலமர்வில் அவர் ஒட்டியது, சீமெந்துக் கலண்டரில் இருந்த ஒரு மாடி வீட்டுப் படம்.

“ஏன் அக்கா திருப்பி வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“கோவிக்காதீங்க மிஸ். விடிய எழும்பி இதப் பாத்தா, அது என்னப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நுண்கடன் தவணைக்காகச் செவ்வாய்க்கிழமை தோறும் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் வீடு அது. அந்தச் சுவரில் ஒரு மாடி வீட்டை மாட்டச் சொன்னது நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது என் மேசைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். முதுமாணிப் பட்டமளிப்பு விழாப் படம் ஒன்றை நானும் ஒட்டியிருந்தேன். ஒட்டி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம்கூட எழுதப்படவில்லை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பட்டம் கிடைத்துவிட்டது போன்ற ஓர் இதம் வரும். அந்த இதத்தோடு எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுவேன். அந்த அக்காவுக்குப் படம் வெட்கத்தைத் தந்தது. எனக்குப் பொய்யான நிம்மதியைத் தந்தது. இருவரையும் அது ஓர் அடிகூட நகர்த்தவில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பிழை எங்கே என்று தேடி வாசித்தேன். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லியன் பாம், ஷெலி டெய்லர் ஆகிய உளவியலாளர்கள் பரீட்சைக்குத் தயாராகும் பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து அவதானித்தார்கள். ஒரு பகுதியினர் நல்ல புள்ளி கிடைத்துவிட்டதாக மனக்கண்ணில் கண்டார்கள். இன்னொரு பகுதியினர் எப்போது, எங்கே அமர்ந்து, எப்படிப் படிக்கப் போகிறோம் என்பதை மனக்கண்ணில் கண்டார்கள். கூடுதலாகப் படித்ததும் கூடுதல் புள்ளி பெற்றதும் இரண்டாவது பகுதியினரே.

ஜேர்மனியில் பிறந்த உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் 1991இல் உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்கள் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். ‘மெலிந்து அழகாக இருக்கிறேன்’ என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே எடை குறைந்திருந்தார்கள். ஆகவே ஆசையை மட்டும் காண்பது போதாது. அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்துக் காண வேண்டும், தடை வந்தால் என்ன செய்வேன் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். போட்டி நன்றாக நடப்பதை மட்டுமல்ல, பிழைத்துப் போவதையும் மனதில் ஓட்டிப் பார்ப்பது அவருடைய பயிற்சி. 2008 பீஜிங் ஒலிம்பிக் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பார்வை மறைந்தது. அவர் பதறவில்லை. கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார்.

வழியைக் கீறினோம்

உகண்டாவில் கோப்பி பயிரிடும் பெண்கள் மத்தியில் பயன்பட்ட ஒரு முறை பற்றியும் அப்போதுதான் அறிந்தேன். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் படத்தால் திட்டமிடும் முறை அது. லிண்டா மேயூ என்ற ஆய்வாளர் பெண்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது. தாளின் கீழ் மூலையில் ஒரு வட்டம்: இன்று நான் இருக்கும் நிலை. மேல் மூலையில் ஒரு வட்டம்: நான் போக வேண்டிய இடம். இரண்டையும் இணைத்து ஒரு வீதி. வீதியின் ஒரு பக்கத்தில் எனக்கு உதவக்கூடியவை, மறுபக்கத்தில் தடைகள். வீதியின் மேல் சிறிய வட்டங்களாகப் படிகள்.

2018இல் அதே சங்கத்துக்குத் திரும்பிப் போனேன். “முதல் முறை நான் சொல்லித்தந்ததில் பிழை இருக்கிறது” என்று சொல்லித்தான் தொடங்கினேன். கத்தரிக்கோல் கொண்டுபோகவில்லை, பென்சில்கள் மட்டும் கொண்டுபோனேன். “எங்களுக்குக் கீறத் தெரியாது மிஸ்” என்றவர்கள் அரை மணித்தியாலத்தில் தலைநிமிரவில்லை.

அந்த அக்கா மேல் வட்டத்தில் மாடி வீட்டைக் கீறவில்லை. தன்னுடைய வீட்டையே கீறி, மூன்று யன்னல்கள் போட்டார். கீழ் வட்டத்தில் பொலித்தீன் கட்டிய வீடும் ஆறு கோழிகளும். உதவிப் பக்கத்தில் மகளும், முட்டை வாங்கும் கடையும், மாதர் சங்கமும். தடைப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். படிகள் நான்கு: கடனை முடித்தல், கோழிகளைப் பெருக்குதல், முதல் யன்னல், மற்ற இரண்டு யன்னல்கள்.

ஒரு யன்னலுக்குத் தச்சுவேலைக்காரர் சொன்ன கணக்கு 20,000 ரூபா. தாளின் ஓரத்தில் 100 கட்டங்கள் போட்டோம். 200 ரூபா சேரும்போது ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இந்தியக் கிராமப்புறக் கூலித் தொழிலாளரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. சேமிப்பு உறையில் பிள்ளைகளின் படம் இருந்தபோது அவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். அதைச் சொன்னதும் அக்கா பால்மா ரின் ஒன்றில் மகளின் படத்தை ஒட்டி, மூடியில் துளை போட்டார்.

மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது

2019இல் அவருடைய கடன் முடிந்தது. அடுத்த வாரமே கூடிய தொகையில் புதிய கடன் தருவதாகச் சொல்லி வந்தார்கள். மகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்த நேரம். படிவத்தைக் கையில் வாங்கிவிட்டார். கையொப்பமிட ஒரு பேனையைத் தேடி வீட்டுக்குள் போனபோது சுவரிலிருந்த வீதி கண்ணில் பட்டிருக்கிறது.

“அந்த மோட்டார் சைக்கிள நான் ஒருக்காக் கீறிட்டன் மிஸ். திரும்பவும் கீற என்னால ஏலாது” என்றார் என்னிடம். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகளின் வகுப்புப் பணத்துக்குச் சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து சிறு தொகை எடுத்தார். உதவிப் பக்கத்தில் சங்கத்தையும் அவர் கீறியிருந்தார் அல்லவா?

எல்லாம் நேராக நடக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை தாங்க முடியாமல் பாதிக் கோழிகளை விற்றார். யன்னல் விலையும் இரட்டிப்பானது. படம் இந்த முறையும் திரும்பியிருக்குமோ என்ற பயத்தோடுதான் போனேன். திரும்பவில்லை. ஒரு கட்டம் 200 என்றிருந்ததை வெட்டி 400 என்று மாற்றியிருந்தார். “கட்டம் அதேதான் மிஸ், விலைதான் கூடிட்டு” என்றார். இன்று அந்த வீட்டில் இரண்டு யன்னல்கள் இருக்கின்றன. மூன்றாவது இடத்தில் இன்னமும் பொலித்தீன்தான். கட்டங்கள் நிரம்பிக்கொண்டு வருகின்றன. இதை எழுத அனுமதி கேட்டபோது அவர் சொன்னது: “பேரப் போடாதீங்க, யன்னலப் போடுங்க.”

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் படம் வட்டியைக் குறைக்காது, விலைவாசியை இறக்காது. அவற்றுக்காக நாம் சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுக்கத்தான் வேண்டும். வறுமைக்குக் காரணம் பெண்கள் சரியாகக் கனவு காணாததுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படம் செய்யும் வேலை சிறியது. குழம்பிப் போகும் ஒரு நாளில், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம், அடுத்த அடி எது என்று ஞாபகப்படுத்துகிறது. அந்தச் சிறிய வேலை சில வேளைகளில் ஒரு கையொப்பத்தைத் தடுக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

• ஒரே ஓர் இலக்கை எடுங்கள். ஒரே தாளில் பத்து ஆசைகளைக் கீறினால் கண் எதிலும் நிற்காது.

• பிறர் படத்தை வெட்டி ஒட்டாமல் உங்கள் கையாலேயே கீறுங்கள். அழகு தேவையில்லை, உங்களுக்கு விளங்கினால் போதும்.

• இன்றைய நிலையை வெட்கப்படாமல் கீறுங்கள். தொடங்கும் இடம் தெரியாமல் வழி தெரியாது.

• குறைந்தது ஒரு தடையையாவது கீறுங்கள். ‘இது வந்தால் நான் இதைச் செய்வேன்’ என்று அதற்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுங்கள்.

• நிறைவேறிய படிக்கு உடனே வண்ணம் தீட்டுங்கள். வழி மாறினால் படத்தை மாற்றுங்கள். அது தோல்வியல்ல.

• தீர்மானம் எடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். பணம் வைக்கும் அலுமாரிக்குப் பக்கத்திலோ, படிக்கும் மேசைக்கு மேலேயோ மாட்டலாம்.

என் மேசைக்கு மேலே இருந்த பட்டமளிப்புப் படத்தை நான் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் ஐந்து அத்தியாயங்களையும் ஐந்து வட்டங்களாகக் கீறினேன். தடைப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை. விடிய ஐந்து மணி முதல் ஆறு மணி வரை எழுதிய பின்னர்தான் தேநீர் என்று தீர்மானித்தேன். ஒன்றரை வருடத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.

சகோதரிகளே, இம்மாதம் பிள்ளையின் பழைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுங்கள். கீழே ஒரு வட்டம், மேலே ஒரு வட்டம். நடுவில் உள்ள வீதியை நீங்களே கீறுங்கள்.